பிள்ளை 'சாமி இல்லை' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

எங்கள் தெருவில் எந்த வீட்டுப் பையனாவது விபூதி பூசுவதை நிறுத்திவிட்டால், அவன் அம்மா முதலில் வருவது என்னிடம்தான். நான் லால்குடி பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சாமி கும்பிடாதவள் என்பதும் தெருவுக்கே தெரியும். ஆலோசனை கேட்டு வருவதாகத்தான் சொல்வார்கள். "எல்லாம் உங்களைப் பார்த்துத்தான் டீச்சர்" என்று சொல்லாமல் சொல்லிவிட்டுப் போகவும் வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். பரவாயில்லை, காபி போட்டுக் கொடுத்துவிட்டு ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுகிறேன். அதை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

இது நம்பிக்கை உள்ளவர்களுக்கான கையேடு. உங்கள் நம்பிக்கையை அசைப்பது என் நோக்கம் இல்லை. என் கணவர் திருவானைக்காவலுக்குப் போகாமல் பிரதோஷத்தன்று சாப்பிட மாட்டார். அவரோடு முப்பது வருஷத்துக்கு மேலாகக் குடித்தனம் நடத்துகிறேன். மகனோ மகளோ மருமகளோ "எனக்கு நம்பிக்கை இல்லை" என்று சொன்ன பிறகும் அந்த வீட்டில் நிம்மதியாகச் சோறு இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் வேலை: காரணத்தைத் தேடி அலையாதீர்கள்

செய்தி தெரிந்ததும் பெற்றோர் துப்பறியக் கிளம்பிவிடுகிறார்கள். காதல் தோல்வியா, நீட்டில் மார்க் போனதா, ஹாஸ்டல் சகவாசமா, ஜாதகத்தில் ராகுவா? கேட்டது கிடைக்காத கோபத்தில்தான் ஒருவன் சாமியை விடுவான் என்பது நம் ஊரில் ரொம்ப ஊறிப்போன எண்ணம். கோபத்தில் விடுகிறவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் பெரும்பாலும் திரும்பி வந்துவிடுவார்கள். கோபித்துக்கொள்வதற்கே எதிரில் ஒருவர் இருக்க வேண்டுமே. உண்மையிலேயே நம்பிக்கை இல்லாதவனுக்குச் சாமி மேல் கோபம் எங்கிருந்து வரும்?

என் கதையைக் கேட்டால் ஏமாந்துபோவீர்கள். ஒரு சம்பவமும் இல்லை. சின்ன வயதில் கந்த சஷ்டிக்கு விரதம் இருந்தவள்தான். கல்லூரியில் படிக்கும்போது கேள்விகள் வந்தன. மாரியம்மன் கோயில் தெருவில் பிறந்ததால் எனக்கு மாரியம்மன் என்றால், பக்கத்துத் தெருவில் பிறந்திருந்தால் மாதாவா? எல்லாரும் தங்கள் சாமி செய்த அற்புதங்களைச் சொல்கிறார்களே, எது உண்மை என்று எப்படிச் சரிபார்ப்பது? விடை கிடைக்காததால் யாரிடமும் சண்டை போடவில்லை. ஒரு நாள் யோசித்துப் பார்த்தபோது, கும்பிடுவதை நிறுத்தி ரொம்ப நாள் ஆகியிருந்தது தெரிந்தது. அவ்வளவுதான்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கும் இப்படித்தான் நடந்திருக்கும். அதனால் "உனக்கு என்னடா ஆச்சு?" என்று கேட்காதீர்கள். அது நோய் விசாரிக்கிற கேள்வி. "எதை நம்ப முடியவில்லை உனக்கு?" என்று கேளுங்கள். பதிலுக்குப் பத்து நிமிடம் குறுக்கே பேசாமல் உட்காருங்கள். பரிகாரம், மந்திரித்த கயிறு, தெரிந்த ஜோசியர் எல்லாம் அன்றைக்கு வேண்டாம்.

அவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம்

2004 ஜூலை 16. கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடம் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்துபோனார்கள். காவிரிக் கரையில் வாத்தியார் வேலை பார்த்த யாரும் அந்த வாரத்தை மறக்க மாட்டார்கள். மறுநாள் ஆசிரியர் அறையில் எல்லாரும் அழுதோம். ஒரு டீச்சர், "விதி, என்ன செய்ய முடியும்" என்றார். இன்னொருவர், "சாமி கூப்பிட்டுக்கொண்டது" என்றார். ரெண்டு பேரும் மனசு தாங்காமல்தான் சொன்னார்கள். அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

என் மனசு அங்கே போகவில்லை. சத்துணவு சமைத்த இடத்தில் பிடித்த தீ மேலே ஏறியது. கூரை கீற்று. குழந்தைகள் குறுகலான இடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். வெளியே வர வழி போதவில்லை. அதன் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரையை அகற்றச் சொல்லி அரசு உத்தரவு போட்டது. அப்படியானால் அந்தக் கூரை அதற்கு முந்தின வாரமே இல்லாமல் இருந்திருக்கலாம். விதி என்று சொன்னால் எனக்கு அழுகைதான் வருகிறது, கூரை என்று சொன்னால் கோபமும் வருகிறது, அடுத்து என்ன செய்யலாம் என்பதும் தெரிகிறது.

இதற்குப் பிறகு நான் நாத்திகம் ஆனேன் என்று கதை கட்டிவிடாதீர்கள். அதற்கு ரொம்ப முன்பே ஆகிவிட்டேன். நம்பிக்கை இல்லாதவர் மனசு கல் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். துக்கம் ஒன்றுதான். அது போய் நிற்கிற இடம் வேறு.

சண்டை எதைப் பற்றி என்று பிரித்துப் பாருங்கள்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வீட்டுக்குள் நடக்கும் 'சாமிச் சண்டை'களில் பெரும்பாலானவற்றில் சாமிக்கு வேலையே இல்லை.

என் மாமியார் சமயபுரத்தாளுக்கு நேர்ந்துகொண்டவர். சமயபுரத்தில் மாசிக் கடைசியில் பூச்சொரிதல் தொடங்கும். பக்தர்களுக்காக அம்மனே 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருப்பதாக ஐதீகம். அந்த நாட்களில் அவளுக்குத் தளிகை கிடையாது. துள்ளு மாவு, நீர்மோர், பானகம், இளநீர்தான் படைப்பார்கள். எங்கள் அத்தையும் கூடவே விரதம் இருப்பார். வீட்டில் துள்ளு மாவு இடிப்பது நான். அரிசி ஊறவைப்பதிலிருந்து வெல்லம் சேர்ப்பது வரை என் கைதான். அவர் அதில் ஒரு நாளும் குறை கண்டதில்லை. நான் கும்பிடவில்லை என்று தெரிந்த முதல் மாதம் கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், பிறகு விட்டுவிட்டார்.

ஆனால் நான் பொட்டு வைக்காமல் பள்ளிக்கூடம் கிளம்பிய அன்றைக்கு வீடு ரெண்டுபட்டது.

"ஏம்மா, என் பையன் நல்லா இருக்கறது உனக்குப் பிடிக்கலையா?"

"அத்தை, அவர் நல்லா இருக்கணும்னா பிபி மாத்திரையை ஒழுங்காப் போடச் சொல்லுங்க."

பதில் சரியானதுதான், ஆனால் அன்றைக்கு எடுபடவில்லை. அவர் பயந்தது அம்மனுக்காக இல்லை. எதிர் வீட்டுக்காரி என்ன சொல்வாள், கல்யாண வீட்டில் என்னை முன்னால் நிற்க வைப்பார்களா, 'அந்த வீட்டு மருமகள்' என்று எந்தத் தொனியில் சொல்வார்கள் என்பதுதான் அவர் கவலை. ஆண் பிள்ளை நாத்திகம் பேசினால், "வயசு அப்படி, கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். பெண் பேசினால் பொட்டு, பூ, மஞ்சள், தாலி என்று அவள் உடம்பையே கணக்கெடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். கணவனுக்குத் தலைவலி வந்தால்கூட அவள்தான் காரணம். மகளோ மருமகளோ நம்பிக்கை இல்லை என்று சொன்னால் இதை முதலில் மனதில் வையுங்கள். அவளுக்கு இது இரண்டு மடங்கு பாரம்.

அதனால் ஒரு தாளை எடுத்து மூன்றாகப் பிரியுங்கள். அவன் மனதுக்குள் என்ன நம்புகிறான் என்பது ஒன்று. வீட்டுச் சடங்கில் அவன் என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பது இன்னொன்று. ஊர் என்ன பேசும் என்பது மூன்றாவது. முதலாவதை உங்களால் மாற்ற முடியாது. நம்பு என்று உத்தரவு போட்டு யாரும் நம்பியதில்லை. இரண்டாவதைப் பேசி முடித்துக்கொள்ளலாம். மூன்றாவது உங்கள் பிரச்சினை. அதைப் பிள்ளை தலையில் கட்டாதீர்கள்.

"கடவுள் பயம் இல்லாவிட்டால் கெட்டுப்போய்விடுவானே?"

எல்லா அம்மாக்களும் கடைசியில் வந்து நிற்கிற இடம் இதுதான். தேர்வு அறையில் கண்காணிப்பாளர் வெளியே போனதும் பிட்டை எடுக்கிற பிள்ளையும் உண்டு, எடுக்காமல் தெரிந்ததை மட்டும் எழுதுகிற பிள்ளையும் உண்டு. எத்தனையோ வருஷம் தேர்வு மேற்பார்வை பார்த்தவள் சொல்கிறேன், அந்த இரண்டாவது பிள்ளையின் நெற்றியில் விபூதி இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து எதையும் முன்கூட்டிச் சொல்ல முடிந்ததில்லை. உங்கள் மகன் நேற்று வரை திருடாமல் இருந்தது பயத்தினால் மட்டும்தான் என்றா நினைக்கிறீர்கள்? உங்கள் வளர்ப்பைப் பற்றி நீங்களே இவ்வளவு குறைவாக எடை போடாதீர்கள்.

இந்தச் சந்தேகம் நமக்கு மட்டும் வந்ததில்லை. இங்கிலாந்தில் 1880இல் நாடாளுமன்றத்துக்கு நார்த்தாம்டன் தொகுதியில் ஜெயித்த நாத்திகர் சார்லஸ் பிராட்லா, பதவியேற்கும்போது கடவுள் பெயரால் ஆணையிடாமல் உறுதி மட்டும் கூறுகிறேன் என்று கேட்டார். கடவுளை நம்பாதவன் வாக்கை எப்படி நம்புவது என்று அவரை உள்ளே விடவில்லை. திரும்பத் திரும்ப ஜெயித்து 1886இல்தான் அவரால் ஒழுங்காக உட்கார முடிந்தது. 1888இல் சட்டமே மாறியது. நம் நாட்டில் அந்தத் தொல்லை இல்லை. அரசமைப்புச் சட்டம் 'கடவுளின் பெயரால்' என்றும் 'உளமார' என்றும் இரண்டு வழியும் கொடுத்திருக்கிறது. நீதிமன்றச் சாட்சிக்கூண்டிலும் அப்படியே, 1969ஆம் வருஷத்து ஆணைச் சட்டப்படி. உங்கள் பிள்ளை 'உளமார' என்று சொல்லி ஒரு வார்த்தை கொடுத்தால் அதை அரசே ஏற்றுக்கொள்ளும். நீங்களும் ஏற்றுக்கொள்ளலாம்.

கட்சி முத்திரை குத்தாதீர்கள்

நாத்திகன் என்றால் கறுப்புச் சட்டை, கறுப்புச் சட்டை என்றால் கட்சி என்று நம் ஊரில் ஒரு சுருக்கு வழி இருக்கிறது. பெரியார் இந்த மண்ணில் போட்ட தடம் பெரியது, மறுக்க முடியாது. அதற்காக எல்லா நாத்திகரும் அவர் வழியாக வந்தவர்கள் இல்லை. அவர் குழந்தையாக இருந்த 1880களிலேயே சென்னையில் ஒரு சுயசிந்தனையாளர் கூட்டம் 'தத்துவ விவேசினி' என்று தமிழில் பத்திரிகை நடத்தியது. அதற்கும் முன்னால் போனால், மணிமேகலை சமயவாதிகளிடம் போய்க் கேட்கும்போது அவர்களில் ஒருவன் பூதவாதி. உலகம் நிலம், நீர் போன்ற பூதங்களின் சேர்க்கை, கண்ணால் காண்பதுதான் கணக்கு என்பவன்.

இந்தப் பக்கம் பார்த்தால், திமுகவுக்கு அண்ணா எடுத்துக் கொடுத்தது 'ஒன்றே குலம், ஒருவனே தேவன்' என்ற திருமூலர் வரி. அந்தக் கட்சிக்காரர்களில் எத்தனை பேர் திருப்பதி லட்டோடு வருகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பக்கம், இந்துத்துவக் கொள்கையை எழுதி வைத்த சாவர்க்கருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. கட்சியை வைத்து நம்பிக்கையையும், நம்பிக்கையை வைத்து ஓட்டையும் ஊகிக்காதீர்கள்.

"எங்கள் சாமியை மட்டும்தானே கேள்வி கேட்கிறீர்கள்?" என்பதும் இதோடு சேர்ந்தே வரும். பிறந்து வளர்ந்த வீட்டைப் பற்றித்தான் ஒருவருக்கு விவரமாகப் பேச வரும். நான் மாரியம்மனைப் பற்றிப் பேசுவதும் அதனால்தான். அவரவர் வீட்டுக்குள் கேள்வி கேட்பவர் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள், விலையும் கொடுத்திருக்கிறார்கள். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து நாத்திகம் பேசிய ஓர் இளைஞரை 2017 மார்ச்சில் கோயம்புத்தூரில் வெட்டிக் கொன்றார்கள். அவருக்குச் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். அதற்குப் பிறகு இந்தக் கேள்வியை என்னிடம் கேட்பவர்களுக்கு நான் அதிகம் விளக்கம் சொல்வதில்லை.

கேட்காமல் இருந்தால் நல்லது

"ஆபத்து வந்தால் தானாக முருகா என்பாய்." ஆமாம், மூட்டு வலியோடு எழுந்திருக்கும்போது நானே "அப்பா முருகா" என்கிறேன். அது முனகல். பழக்கம். அதில் இருப்பது மூட்டு மட்டும்தான். உண்மையான ஆபத்துக்குப் பகத் சிங்கைப் பாருங்கள். 1930 அக்டோபரில் லாகூர் சிறையில், தூக்குத் தண்டனைதான் வரப்போகிறது என்று தெரிந்த நிலையில், தான் ஏன் நாத்திகன் என்று எழுதினார். கடைசி நாளில் நம்ப ஆரம்பிப்பாய் என்று ஒருவர் சொன்னதற்கு, அப்படிச் செய்வது தனக்கு இழிவு என்று பதில் சொன்னதையும் அதிலேயே பதிந்திருக்கிறார். 1931 மார்ச் 23இல் தூக்கிலிட்டபோது அவருக்கு வயது 23. அந்தக் கட்டுரையைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா. வீட்டில் "திமிர் பிடித்து அலைகிறான்" என்று திட்டுகிறீர்கள் என்றால், கட்டுரையின் தொடக்கமே தன்னுடையது அகம்பாவமா என்ற கேள்விதான். அம்மாவும் மகனும் சேர்ந்து படிக்கலாம்.

"இல்லை என்று நிரூபி பார்க்கலாம்." இது வேண்டாம். நம்ப எனக்குக் காரணம் போதவில்லை என்பதுதான் பலரும் சொல்வது. நிச்சயமாக இல்லை என்று அடித்துச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், தெரியவில்லை என்பவர்களும் இருக்கிறார்கள். உங்கள் பிள்ளை எந்த ரகம் என்று அவனையே கேளுங்கள்.

"சாமி இல்லை, கொழுக்கட்டை மட்டும் வேண்டுமா?" வேண்டும். அரிசி மாவும் பூரணமும் எனக்கு விரோதி இல்லை.

பண்டிகை நாளுக்கு ஓர் ஒப்பந்தம்

முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஆயுத பூஜை அன்று காலையில், எல்லாரும் குளித்துவிட்டு நிற்கும்போது ஆரம்பித்தால் சண்டைதான். எங்கள் வீட்டில் நடைமுறை இதுதான்: வீடு கழுவுவது, கோலம் போடுவது, சமைப்பது, வந்தவர்களைக் கவனிப்பது எல்லாவற்றிலும் நான் உண்டு. தீபாராதனை நேரத்தில் கூடத்தில் நிற்பேன், கையைக் கூப்ப மாட்டேன். யாரும் திரும்பிப் பார்த்து முறைக்கக் கூடாது. அத்தையைச் சமயபுரத்துக்கு ஆட்டோ வைத்துக் கூட்டிப் போவேன், வெளியே செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பதிலுக்கு, எனக்காகத் தனியாக அர்ச்சனை செய்தாலும் அதை என்னிடம் சொல்லிக் காட்டக் கூடாது.

உங்கள் வீட்டுக் கோடு வேறு இடத்தில் இருக்கலாம். சிலர் கோயிலுக்குள் வருவார்கள், சிலர் வாசலோடு நின்றுவிடுவார்கள். முடியாது என்பதை மட்டும் கட்டாயப்படுத்தாதீர்கள். கட்டாயத்தில் கூப்பிய கையால் யாருக்கு என்ன லாபம்? பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: பாட்டி விளக்கேற்றும் நேரம் விவாத மேடை இல்லை. பெரியாரும் சைவ மடத் தலைவரான குன்றக்குடி அடிகளாரும் கொள்கையில் நேர் எதிர், ஆனாலும் நல்ல நண்பர்கள். என் பாடத்தில் இன்னொரு ஜோடி உண்டு. கனவில் நாமகிரித் தாயார் வந்து சூத்திரம் தருகிறாள் என்று சொன்ன ராமானுஜனும், கடவுளை நம்பாத ஹார்டியும் 1914 முதல் 1919 வரை கேம்பிரிட்ஜில் ஒன்றாகக் கணக்குப் போட்டார்கள். சூத்திரம் எங்கிருந்து வந்தால் என்ன, நிரூபணம் எங்கே என்பதுதான் ஹார்டியின் கவலை.

காகித வேலைகள்

கல்யாணம்: பிள்ளை புரோகிதர் வேண்டாம் என்றால் பதறாதீர்கள். 1967இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கென 7ஏ பிரிவு சேர்த்தார்கள். உறவினர், நண்பர்கள் முன்னால் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும். தாலி கட்டினாலும் சரி. சட்டப்படி செல்லும். மணமக்கள் வேறு வேறு மதம் என்றால் 1954ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டம், அதற்கு 30 நாள் முன்னறிவிப்பு. எப்படி நடந்தாலும் பதிவு செய்யுங்கள், 2009 முதல் இங்கே அது கட்டாயம்.

சான்றிதழ்: பள்ளியில் சாதி, மதக் கட்டங்களை நிரப்பாமல் விடலாம் என்று 1973லேயே அரசாணை உண்டு. 2019இல் திருப்பத்தூர் வழக்கறிஞர் ஒருவர் சாதி, மதம் அற்றவர் என்று சான்றிதழே வாங்கினார். ஆனால் இதில் அவசரப்பட வேண்டாம் என்பேன். இடஒதுக்கீடு சாதிச் சான்றிதழோடு கட்டுண்டது. பட்டியல் சாதியினருக்கு மதமும் அதில் சேர்ந்திருக்கிறது. மனதில் நம்பிக்கை இல்லை என்பதற்காகப் படிப்பையும் வேலையையும் பணயம் வைக்கத் தேவையில்லை. விவரம் தெரிந்தவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

சாவு: யாரும் பேச விரும்பாத விஷயம், அதனாலேயே பெரிய சண்டை வருவதும் இதில்தான். மதச் சடங்கு எதுவும் வேண்டாம் என்று நேரு உயிலில் எழுதி வைத்தார். 1964இல் அவர் சிதைக்கு முன்னால் மந்திரம் சொல்லத்தான் செய்தார்கள். பிரதமருக்கே அந்தக் கதி என்றால், எழுதி வைப்பது மட்டும் போதாது என்று புரிகிறதல்லவா? இருக்கப்போகிறவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான் உடல்தானத்துக்குத் திருச்சி கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எந்த அரசு மருத்துவக் கல்லூரியிலும் உடற்கூறியல் துறையில் கேட்டால் விவரம் சொல்வார்கள். வாரிசுகளின் சம்மதக் கையெழுத்து வேண்டும், கடைசியில் உடலை ஒப்படைக்க வேண்டியதும் அவர்கள்தான். பிரேதப் பரிசோதனை ஆன உடலைப் பொதுவாக ஏற்க மாட்டார்கள், அதற்கு ஒரு மாற்று ஏற்பாட்டையும் பேசி வையுங்கள். கண் தானம் என்றால் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், சொந்தக்காரர்கள் வந்து சேரட்டும் என்று காத்திருக்க முடியாது.

என் கணவர் கையெழுத்துப் போடும் முன் ஒரு நிபந்தனை வைத்தார். பதினாறாம் நாள் என் படத்துக்கு அவர் படையல் போடுவார், அதை நான் இப்போதே தடுக்கக் கூடாது. சரி என்றேன். அது அவருடைய துக்கம், அதில் எனக்கு ஓட்டு கிடையாது. படிவத்தின் நகல் ரேஷன் கார்டு இருக்கும் கவரில் இருக்கிறது. கல்லூரித் தொலைபேசி எண்ணை அதன் மேலேயே எழுதி, மருமகளிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். நீங்களும் இரண்டு பேரிடமாவது சொல்லி வையுங்கள், ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் இன்னொருவர் வேண்டுமே.